வீட்டுத் தளத்தை எரித்த குயவர்

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், விடிந்தும் விடியாத வேளையிலே, என் வீட்டுப் பின்வளவிலுள்ள சிறு சூளையைத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டு கிண்ணங்கள் இருந்தன. அவற்றை வனைந்து, உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மெருகுக் கரைசலில் தோய்த்து, மீண்டும் சூளையிலேற்றிப் பதினான்கு மணிநேரம் விறகிட்டு எரித்து, ஒன்றரை நாள் ஆறவிட்டிருந்தேன். பாலிலே தோய்த்தெடுத்தாற்போல் வெள்ளை வெளேரென்று அவை வெளிவரும் என்பது என் எண்ணம். வெளிவந்தவையோ வேறு. ஏழு கிண்ணங்களிலே மெருகு ஆங்காங்கு விலகிச் சுருண்டு, தாமரையிலைத் தண்ணீர்போல் திரண்டு நின்றது. விலகிய இடங்களில் சிவந்த மண் வெறுமையாய்த் தெரிந்தது. எஞ்சிய ஐந்தும் குற்றமற்றிருந்தன. எல்லாமே கெட்டிருந்தால் என் மனம் ஒருவாறு ஆறியிருக்கும். ஐந்து நன்றாயிருந்ததே என் சினத்தை வளர்த்தது.

மெருகுத்தூள் விற்ற கடைக்காரரைக் குறைகூறினேன். மாசிப் பனியைக் குறைகூறினேன். விறகு தந்தவரையும் விட்டுவைக்கவில்லை. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. எரிந்துபோன விறகுக் கட்டுகள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குட் சென்றுவிட்டாள்.

அன்று பகல் முழுவதும் ஒரு மனிதரின் நினைவாகவே இருந்தேன். அவர் பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த பேர்னார்ட் பலிசி என்பவர். சூளைக்கு விறகு போதாமையால் வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் பெயர்த்து எரித்தவர் என்று அவரை நம்மிற் பலர் அறிவோம். சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவரைத் தம் நூலிலே போற்றியெழுதினார். அதன்வழி அக்கதை நம் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. நானும் சிறு வயதில் அதைக் கேட்டு வியந்தவனே. ஆனால், கையிலே மண் பட்ட பின்னர் அவர் வரலாற்றை மீண்டும் படித்தபோது, பலகையை எரித்தது அவர் பெருமையின் மிகச் சிறிய பகுதி என்றே எனக்குத் தோன்றிற்று.

ஒரு வெண்கிண்ணம்

பலிசி ஏறத்தாழ 1510ஆம் ஆண்டளவில் பிரான்சின் தென்மேற்குப் பகுதியிலே பிறந்தார். கிரேக்கமும் இலத்தீனும் கற்றாரல்லர். கண்ணாடியில் வண்ணந் தீட்டிச் சாளரங்கள் அமைக்கும் தொழிலைக் கற்று, ஊர் ஊராய்த் திரிந்து, இறுதியில் சேந்த் என்னும் நகரிலே மனைவி மக்களோடு குடியமர்ந்தார். கண்ணாடித் தொழில் நலிந்த காலத்தில் நிலமளந்தும் உருவப்படம் வரைந்தும் பிழைத்தார்.

ஒருநாள் யாரோ ஒருவர் அவருக்கு ஒரு கிண்ணத்தைக் காட்டினார். மண்ணாற் செய்து வெண்மெருகு பூசிய கிண்ணம் அது. அதன் அழகு அவரை ஆட்கொண்டது. அத்தகைய மெருகைத் தாமே கண்டறிய வேண்டும் என்ற ஆவல் அன்று முளைத்தது. அப்போது அவருக்குக் களிமண்ணின் இயல்பே தெரியாது. இருட்டிலே தடவித் தேடுபவன் நிலையிலேதான் அவர் அப்பணியைத் தொடங்கினார்.

மெருகென்பது மண்ணின்மேல் உருகிப் படிந்த கண்ணாடியேயாகும். மணல் தனியே உருகுவதற்குப் பெருவெப்பம் வேண்டும். ஈயமோ சாம்பலுப்போ சேர்ந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே இளகும். அதனோடு வெள்ளீயத்தின் நீறு கலந்தால் தெளிவு மறைந்து பால்வெண்மை தோன்றும். இதனை ஈராக்கு நாட்டுக் குயவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். பலிசியின் காலத்தில் இத்தாலியக் குயவர்களுக்கு அது அன்றாடத் தொழில். பிரான்சிலேகூட ரூவான் நகரத்து மசேயோ அபாக்கன் என்பவர் அத்தகைய ஓடுகளைச் செய்துகொண்டிருந்தார். தொழில் மறையை வெளியாருக்குச் சொல்லாத காலம் அது. ஆதலால், பிறர் அறிந்த ஒன்றைக் கண்டறிவதற்குப் பலிசி தம் வாழ்நாளிற் பதினைந்து பதினாறு ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது.

அவர் மேற்கொண்ட முறை எளியது. சட்டிகளை வாங்கி உடைத்து ஓடுகளாக்கினார். பல பொருள்களை அரைத்துப் பல அளவிற் கலந்து ஒவ்வோர் ஓட்டிலும் ஒவ்வொரு கலவையைப் பூசினார். எதில் எதனைப் பூசினோம் என்பதைக் குறித்துவைத்துச் சூளையில் இட்டார். ஓடுகள் கருகின, சில வேகவேயில்லை. நெருப்பின் அளவு தெரியாமையால், குற்றம் கலவையிலா வெப்பத்திலா என்று பிரித்தறிய அவரால் இயலவில்லை. பின்னர் முந்நூறு நானூறு ஓடுகளைத் தொலைவிலிருந்த குயவரின் சூளைக்கு அனுப்பினார். அங்கும் பயன் கிட்டவில்லை.

1543ஆம் ஆண்டளவில் அரசாங்கம் உப்பு வரியை விதிக்கும் நோக்கத்தோடு அக்கரையோரத்து உப்பளங்களை அளக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது. வேலை முடிந்து கையிலே சிறிது பணம் சேர்ந்ததும் மீண்டும் ஓடுகளிடம் திரும்பினார். இம்முறை குயவர் சூளையை விட்டுக் கண்ணாடி உருக்கும் உலைக்கு அவற்றைக் கொண்டுபோனார். அங்கே வெப்பம் அதிகம். சில ஓடுகளிலே கலவை இளகத் தொடங்கியிருந்தது. அது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயின் முதன்முறையாக ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. முன்னைய தோல்விக்குக் காரணம் சூளையின் வெப்பக் குறைவு என்பது தெளிவாயிற்று. மேலும் ஈராண்டுகள் கழிந்தன. முந்நூறுக்கு மேற்பட்ட கலவைகளை இட்ட ஒரு நாளில், ஒரேயோர் ஓடு, நான்கு மணிநேரத்தில், வெண்மையாய் வழவழப்பாய் உருகி வந்தது. தாம் புதிதாய்ப் பிறந்ததுபோல் அவர் மகிழ்ந்தார்.

எரிந்த பலகைகள்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கண்ணாடி உலைபோன்ற சூளையொன்றைத் தம் வீட்டருகிலே கட்டத் தொடங்கினார். ஆள் வைக்கப் பணமில்லை. செங்கல்லைத் தாமே சுமந்தார். சாந்தைத் தாமே குழைத்தார். தண்ணீரையும் தாமே இறைத்தார். பாத்திரங்களை வனைய ஏழெட்டு மாதங்களாயின. மெருகுப் பொருள்களை அரைக்க இரவும் பகலுமாய் ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. பின்னர் ஆறு பகலும் ஆறு இரவும் சூளையின் இரு வாயிலும் விறகு தள்ளினார். மெருகு உருகவில்லை.

மற்றப் பொருள்களை உருகச்செய்யும் பொருளைக் குறைவாக இட்டுவிட்டோம் என்று அந்நிலையிலும் அவர் உணர்ந்தார். சூளையை ஆறவிடாமலே மீண்டும் அரைத்தார். புதிய சட்டிகளை வாங்கிப் பூசி உள்ளே வைத்தார். அப்போது விறகு தீர்ந்தது. தோட்டத்துப் பந்தற்கால்களைப் பிடுங்கி எரித்தார். அவையும் போதாமல் வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் எரித்தார். ஊரார் கூடினர். பலிசிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றனர் சிலர். கள்ளக்காசு வார்க்கிறார் என்றனர் வேறு சிலர். அவர் சட்டை ஒரு மாதமாய் வியர்வை உலராமலிருந்தது. கடன்காரர் வாயிலில் நின்றனர். செவிலித்தாயரிடம் விட்டிருந்த இரண்டு குழந்தைகளுக்குரிய கூலியும் கொடுபடவில்லை.

கதை சொல்வோர் பலர் இவ்விடத்திலே நிறுத்திவிடுவர். மெருகு உருகிற்று, துன்பம் தீர்ந்தது என்று முடிப்பர். பலிசி தம் நூலில் அவ்வாறு முடிக்கவில்லை. அந்நூலிலே துன்பங்களின் நீண்ட வரிசை இதன் பின்னரும் தொடர்கின்றது. பலகையை எரிப்பதற்குத் துணிவு போதும். அதற்கு அடுத்த நாட் காலையில் மீண்டும் தொடங்குவதற்குத் துணிவோடு வேறொன்றும் வேண்டும். அவ்வேறொன்று யாது என்பதைத்தான் அவருடைய பழுதுகள் காட்டுகின்றன.

பழுதுகள் கற்பித்தவை

பலிசி அடுத்தபடியாக ஒரு குயவரைக் கூலிக்கு அமர்த்தினார். ஆறு மாதம் அவருக்கு ஓர் உணவு விடுதியிற் கடனுக்குச் சோறிட்டார். கணக்கு முடித்தபோது காசில்லாமையாற் கூலிக்குப் பதிலாகத் தம் உடைகளையே கொடுத்தார். பழைய சூளையைத் தனியே இடித்துப் புதியதைக் கட்டினார். இறுகிய சாந்தைப் பெயர்த்ததில் விரல்கள் வெட்டுண்டமையால், துணி சுற்றிய விரல்களோடு கஞ்சி குடித்தார். அந்தச் சூளை அவருக்கு நூற்றிருபது பொற்காசுக்கு மேற் செலவு வைத்தது. முந்நூறு நானூறு வெள்ளியாவது வருமென்று நம்பினார். திறக்கும் நாளில் விடியுமுன்னரே கடன்காரர் வந்து காத்திருந்தனர்.

மெருகு அழகாய் உருகியிருந்தது. ஆனால், சூளை கட்டிய சாந்திலே சிறு கற்கள் கலந்திருந்தன. வெப்பத்தில் அவை வெடித்துச் சிதறி, இளகிய மெருகிலே பதிந்துவிட்டன. பாத்திரங்களைத் தடவினால் கை அறுந்தது. அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்குவதற்குச் சிலர் முன்வந்தனர். பலிசி கொடுக்கவில்லை, தம் பெயருக்கு இழுக்கென்று அத்தனையையும் உடைத்தெறிந்தார். உடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டிலோ ஆறுதல் கிடைக்கவில்லை, ஏச்சே கிடைத்தது.

சில நாட்களின் பின் எழுந்தார். குழியில் விழுந்தவன் எழ முயல்வதே கடன் என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, படம் வரைந்து சிறிது பொருளீட்டி, மறுபடி சூளை மூட்டினார். கல்லினால் வந்த பழுது மறுபடி வரவில்லை. இம்முறை தீச்சுவாலை சாம்பலைப் பாத்திரங்களின்மேல் வீசிற்று. சாம்பல் மெருகிலே ஒட்டிச் சொரசொரப்பாக்கிற்று. அதற்கு அவர் கண்ட பரிகாரம் மண்கூடு. பாத்திரங்களை மண்ணாலான கூடுகளுள் வைத்துச் சுட்டார்; சாம்பல் அணுகவில்லை. இன்று என் பின்வளவிலே விறகுச் சூளையில் நான் கிண்ணங்களைச் சுடுவதும் அத்தகைய கூடுகளுள் வைத்துத்தான்.

பின்னர், சூளையின் முன்புறத்தில் இருந்தவை வெந்து கெட, பின்புறத்தில் இருந்தவை வேகாமற் கெட்டன. நெருப்பைச் சமமாய்ப் பரப்பக் கற்றார். அதன் பின்னும் ஒரு பழுது எஞ்சிற்று. பல்லிக்குப் பூசிய பச்சை, பாம்புக்குப் பூசிய நிறம் உருகுமுன்னரே எரிந்துபோயிற்று. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வெப்பத்தில் உருகுவதே அதற்குக் காரணம். எல்லா நிறங்களும் ஒரே நேரத்தில் உருகும்படி கலவைகளை ஒவ்வொன்றாய்த் திருத்தினார். இப்படி ஒவ்வொரு பழுதும் ஒரு கேள்வியாயிற்று; ஒவ்வொரு கேள்வியும் ஒரு தனி விடையைப் பெற்றது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை அவர் தேடவில்லை. விதியின்மேலும் பழி போடவில்லை.

மண்வேலை செய்வோர் இதன் அருமையை அறிவர். மெருகிலே ஊசித்துளைகள் விழுந்தால், மண்ணிலிருந்து எழுந்த ஆவி வெளியேறிய வழி மூடுமுன் சூளை ஆறிவிட்டது என்று பொருள். உச்ச வெப்பத்திலே சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும். வலைபோல் வெடிப்பு ஓடினால், ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகமாய்ச் சுருங்குகின்றது என்று பொருள். கலவையிலே மணற்கூற்றைக் கூட்டவேண்டும். மெருகு வழிந்தோடினால், வெப்பமோ பூச்சின் தடிப்போ மிகுந்துவிட்டது. நோய் பலவானால் மருந்தும் பலவாதல் போல்வது இது.

ஆயினும் அந்த ஆண்டுகளின் விலையை மறக்கலாகாது. கூரையில்லாச் சூளையருகே மழையிலும் காற்றிலும் இரவைக் கழித்தார். ஒருபுறம் நாய் ஊளையிடும், மறுபுறம் ஆந்தை அலறும். நள்ளிரவிலோ விடியலிலோ சேற்றில் உருண்டவர்போல் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புவார். உடல் மெலிந்து, நடக்கும்போது காலுறைகள் குதிகாலுக்குச் சரியுமாம். வீட்டினுள்ளே தமக்குக் கிடைத்த ஏச்சை வெளியிற் பட்ட துன்பத்திலும் கொடிதாக அவர் எழுதிவைத்துள்ளார். இளமையில் அதைப் படித்தபோது அந்த மனைவிமேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. தரைப்பலகை அவளுடைய வீட்டின் தரைப்பலகை. கூலி கொடாமற் செவிலியிடம் கிடந்தவை அவள் பெற்ற குழந்தைகள். அவளுடைய கணக்கை எழுதிவைப்பார் ஒருவருமில்லை.

புகழும் சிறையும்

பலிசிக்குப் புகழ் வந்தது. தட்டுகளிலே பாம்பும் தவளையும் பல்லியும் சிப்பியும் இலையும் உயிருள்ளனபோற் கிடக்கும் பாத்திரங்களைச் செய்தார். உண்மையான உயிரினங்களின் உடல்களிலிருந்தே அவற்றுக்கு அச்செடுத்தார். பிரான்சின் படைத்தலைவர் மொன்மோரன்சிப் பிரபு அவரை ஆதரித்து, செயற்கைக் குகையொன்றை அமைக்கும் பணியைத் தந்தார். எதை நாடிப் புறப்பட்டாரோ அந்த வெண்மெருகினால் அன்று, நீலமும் பச்சையும் கபிலமும் கலந்தோடும் வண்ண மெருகுகளினாலேயே அவர் பெயர் நிலைத்தது.

அவர் சீர்திருத்தக் கிறித்தவ நெறியைத் தழுவியவர். மதப்போர் மூண்டபோது, 1562ஆம் ஆண்டளவிற் பிடிபட்டுப் போர்தோ நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். அவரது தொழிற்கூடமும் சேதமுற்றது. அரச குடும்பத்துக்குரிய கைவினைஞர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டமையால் உயிர் தப்பினார். பின்னர் பாரிஸ் நகரிலே அரசமாதா கத்தரீன் தெ மெதிசியின் துயிலெரித் தோட்டத்தில் அவருக்கு இடங்கிடைத்தது. துயிலெரி என்பதற்கே ஓட்டுச்சூளை என்றுதான் பொருள்; முன்னாளில் ஓடு சுட்ட இடம் அது. 1980களில் லூவர் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது அவருடைய சூளைகளின் எச்சங்களும் அச்சுகளின் துண்டுகளும் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன.

1575ஆம் ஆண்டு தொடங்கிப் பாரிசிலே அவர் சொற்பொழிவுகள் நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பொற்காசு; தாம் சொல்வதைப் பொய்யென்று காட்டுவோருக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாக உறுதி கூறினார். மருத்துவர் அம்புறுவாஸ் பரே போன்றோர் வந்து கேட்டனர். ஊற்றுநீர் மழையிலிருந்தே பிறக்கின்றது என்றும், கல்லிலே காணப்படும் சிப்பிகள் ஒருகாலத்தில் உயிரோடிருந்தவை என்றும் விளக்கினார். ஏட்டிலுள்ளதை நம்பாது கண்டதை நம்பும் இவ்வியல்பைச் சூளையே அவருக்குக் கற்பித்ததென்று நான் கருதுகின்றேன். 1580இல் அவர் வெளியிட்ட நூலிலே மெருகுப் பொருள்களின் பெயர்களை ஒளிக்காமற் கூறினார், அளவுகளைக் கூறவில்லை. அதற்குப் பதிலாகத் தாம் செய்த பிழைகளை விரிவாய் எழுதினார். வெற்றியைவிடப் பிழைகளே தமக்கு மிகுதியாகக் கற்பித்தன என்பது அவர் கருத்து.

1588ஆம் ஆண்டிலே, எண்பதை அணுகிய முதுமையில், நெறிமாற மறுத்தமைக்காக மீண்டும் சிறைப்பட்டார். 1590 அளவில் பஸ்தீல் சிறையிலே வறுமையாலும் கொடுமையாலும் நலிந்து இறந்தார்.

என் ஏழு கிண்ணங்கள்

அன்றிரவு ஏழு கிண்ணங்களையும் விளக்கடியில் வரிசையாய் வைத்துப் பார்த்தேன். அதுவரை வெறும் அலங்கோலமாய்த் தெரிந்த திட்டுகள் அப்போது ஓர் ஒழுங்குடன் தோன்றின. ஒவ்வொரு கிண்ணத்திலும் விளிம்புக்குக் கீழே ஒரு பக்கத்தில் மூன்று நான்கு திட்டுகள், உட்புறத்தில் ஒன்று. என் இடக்கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரலும் பெருவிரலும் அளவெடுத்தாற்போற் பொருந்தின.

மெருகு பூசிய நாள் சனிக்கிழமை. தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்து, அது ஊறும்வரை சும்மா இருப்பானேன் என்று கிண்ணங்களைத் தட்டிலிருந்து எடுத்து முற்றத்தில் அடுக்கினேன். ஏழை நான் எடுத்தேன். ஐந்தை என் மகள் எடுத்துத் தந்தாள். ஒருமுறை சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் பட்ட இடத்திலே மெருகு பற்றாது. சூளையில் அது விலகிச் சுருளும். கடைக்காரரின் தூளிலே குற்றமில்லை. பனியிலும் இல்லை. குற்றம் என் விரலில் இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குச் சென்று, நான் குறைகூறியது தவறென்று சொல்லிவந்தேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் திகதியிட்டு எழுதிவைத்தேன். பின்னர், பலிசி கேட்டதாக எங்கும் நான் படிக்காத ஒன்றை என் மனைவியிடம் கேட்டேன். அடுத்த சூளைக்கு விறகு வாங்கலாமா என்று. எத்தனை கட்டு என்று மட்டும் அவள் வினவினாள். எண்ணிச் சொன்னேன்.